பட்டாளத்துப் படங்கள்: அடையாளம் சொல்ல ஆள் இருக்கும்போதே

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் இரண்டாம் உலகப் போருக்குப் போனார்கள். தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பட்டாளத்தில் இருந்தார். பர்மாப் பக்கம் பாலம் கட்டினார், ஊர் திரும்பினார். அவருடைய தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, காலாட்படையான மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். அவர் திரும்பவில்லை. இவர்களைப் பற்றி வீட்டில் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி. உள்ளே படங்கள், கொஞ்சம் கடிதங்கள், தாத்தாவின் பதக்கங்கள், பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த சிறு புத்தகம். இதையெல்லாம் சில வருடங்களாக ஒழுங்கு செய்து வருகிறேன். அதில் கற்றுக்கொண்டதை, இதே மாதிரி ஒரு பெட்டியை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இப்படிப் பெட்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர்.

பழைய படம் கையில் கிடைத்ததும் எல்லாரும் முதலில் ஸ்கேனரைத் தேடுகிறார்கள். ஆளைத்தான் முதலில் தேட வேண்டும் என்பேன். எண்பது வருடம் தாங்கிய காகிதம் ஈரம் படாத இடத்தில் இன்னும் சில மாதம் இருக்கும், ஒன்றும் ஆகிவிடாது. அந்தப் படத்தைப் பார்த்து "இது இன்னார்" என்று சொல்லக்கூடிய தொண்ணூறு வயதுக்காரருக்கு அந்த அவகாசம் கிடையாது. பெயர் தெரியாத சிப்பாயின் படத்தை எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் அது பெயர் தெரியாத சிப்பாயின் படம்தான்.

எங்களுக்கு அப்படி இருந்தவர் அத்தைப்பாட்டி, தாத்தாவின் கடைசித் தங்கை. அண்ணன்கள் பட்டாளத்துக்குப் போனபோது அவருக்குப் பத்து வயது. பெட்டியில் ஒரு ஸ்டூடியோ படம் இருந்தது. மூன்று சிப்பாய்கள், நடுவில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் இருவர் நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர்தான் சின்னத் தாத்தா என்று வீட்டில் எல்லாரும் சொல்லி வந்தார்கள். அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சுவரில்கூட மாட்டியிருந்தார்கள். அத்தைப்பாட்டியிடம் மூலப் படத்தையே கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகங்களில் அவர் பார்வை நிற்கவில்லை, கைகளைத் தேடிப் போனது.

"இது நம்ம ஆள் இல்ல. ஓரத்துல நிக்கிறான் பாரு, அவன்தான். இடது கை சுண்டுவிரலப் பாரு. நேரா நீட்ட வராது அவனுக்கு. சின்னப் புள்ளயில கிணத்து உருளையில குடுத்துட்டான்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிற்பவரின் இடது கை தொடையை ஒட்டி இருக்கிறது. நான்கு விரல்கள் நேராக இருக்க, சுண்டுவிரல் மட்டும் உள்ளே மடங்கியிருக்கிறது. நெகடிவைத் தலைகீழாகப் போட்டு அச்சடித்திருந்தால் இடது வலதாகிவிடுமே என்று சட்டையையும் பார்த்தேன். ஆண்கள் சட்டையில் பொத்தான் அணிபவரின் வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கத் துணி மேலே வரும். படத்தில் சரியாக அப்படியே இருந்தது. ஆக, அவர்தான். அதே மணிக்கட்டில் ஒரு கடிகாரம் தெரிகிறது. அதைப் பற்றியும் அத்தைப்பாட்டி சொன்னார்: "கடியாரம் அவனுது இல்ல. கூட இருக்கிறவங்ககிட்ட வாங்கிக் கட்டியிருப்பான். நல்லா இருக்கேன்னு அம்மாவுக்குக் காட்டணும்ல."

இதை எந்த ஆவணக் காப்பகமும் எங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது.

பெரியவர்களிடம் பேச உட்காரும்போது ஒன்று கவனித்தேன். "போரில் என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் வராது. திரும்பி வந்தவர்களில் பலர் அதைப் பேசவே இல்லை; வீட்டில் இருந்தவர்களுக்கும் அது தெரியாது. வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும். மணியார்டர் யார் பெயருக்கு வரும்? கடிதத்தை யார் படித்துக் காட்டுவார்கள்? லீவில் வந்தபோது எங்கே படுத்தார்? ராத்திரி தூங்கினாரா? தந்தி வந்த அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள்? கைக்கு எட்டும் கேள்வியாக இருந்தால் ஞாபகம் தானாக வரும். பட்டாளத்துக்காரர் மனைவி அந்த நான்கைந்து வருடம் எப்படி வீட்டை ஓட்டினார் என்பதும் போர்க்கால வரலாறுதான். அதற்குப் பதக்கமும் இல்லை, பதிவேடும் இல்லை. அதனால் அதைக் கட்டாயம் கேளுங்கள் என்பேன்.

செல்போனிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். மேசைமேல் அப்படியே வைத்தால் தட்டும் சத்தமெல்லாம் ஏறும், கீழே ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி போனை நோக்கி இருக்கக் கூடாது. தொடக்கத்தில் தேதி, பேசுபவர் பெயர், உறவுமுறை மூன்றையும் உரக்கச் சொல்லிவிடுங்கள். படத்துக்கு ஓர் எண் கொடுத்து, "இப்போ நாலாம் நம்பர் படத்தைப் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தால், பிறகு கேட்கும்போது எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு என்ற குழப்பம் வராது. அவர் தப்பாகச் சொல்கிறார் என்று தோன்றினாலும் நடுவில் திருத்த வேண்டாம். வருடம் தவறலாம், ஊர் தவறலாம். அதை நாம் பிறகு சரிபார்க்கலாம். ஒருமுறை திருத்தப்பட்டவர் அப்புறம் வாயைத் திறக்க யோசிப்பார். எழுத்தாக்கும்போது அவருடைய பேச்சு வழக்கை அப்படியே விடுங்கள். "கிணத்து உருளையில குடுத்துட்டான்" என்பதை "கிணற்று உருளையில் சிக்கியது" என்று மாற்றினால் தகவல் இருக்கும், அத்தைப்பாட்டி இருக்க மாட்டார்.

பேசி முடித்த அன்றே பெயர்களைப் படத்தின் பின்புறம் எழுதிவிட வேண்டும். அதற்கு மென்மையான பென்சில் போதும், 2பி அல்லது 4பி. படத்தைக் குப்புறக் கண்ணாடி மாதிரி கெட்டியான, சுத்தமான பரப்பில் வைத்து, ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும்; மை வருடக்கணக்கில் ஊறி முன்னால் வரும். 1970களுக்குப் பிறகு வந்த பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் ஏறாது. அதற்கு உறையின்மேல் எழுதி, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

உறவை மட்டும் எழுதினால் போதாது. எங்கள் பெட்டியில் பல படங்களின் பின்னால் அழகான கையெழுத்தில் "அப்பா" என்று இருந்தது. யாருடைய அப்பா? எழுதியவர் இறந்த பிறகு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. முழுப் பெயர், தகப்பனார் பெயர், இடமிருந்து வலம் எத்தனையாவது ஆள், அடையாளம் சொன்னவர் யார், எந்த வருடம் சொன்னார், இத்தனையும் வேண்டும். அடையாளம் சொன்னவரின் பெயரை எழுதுவது முக்கியம். நாளைக்கு இன்னொருவர் வேறு மாதிரி சொன்னால் யார் சொல்லை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய அதுதான் உதவும்.

நான் எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு சொல்லைப் போடுகிறேன்: "தெரியும்", "சொல்கிறார்கள்", "இருக்கலாம்". ஆவணத்தில் இருந்தால் "தெரியும்". குடும்பத்தில் ஒருவர் சொல்லி, மறுக்க யாரும் இல்லையென்றால் "சொல்கிறார்கள்". என் ஊகம் என்றால் "இருக்கலாம்". தாத்தா "உலகத்திலேயே நீளமான பாலத்தைக் கட்டினோம்" என்று சொல்வாராம். கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். தேடிப் பார்த்தால், 1944 டிசம்பரில் பர்மாவில் கலேவாவுக்கு அருகே சிந்துவின் ஆற்றின் குறுக்கே ராணுவப் பொறியாளர்கள் ஒரு மிதவைப் பெய்லி பாலத்தை, அதாவது தயாராக வந்த இரும்புத் துண்டுகளைப் பூட்டிச் செய்யும் பாலத்தை, போட்டிருக்கிறார்கள். நீளம் 1,154 அடி. அந்த வகையில் அதுவே அப்போது உலகில் நீளமானது. தாத்தா சொன்னது அந்தப் பாலத்தைத்தான் என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் அவருடைய கம்பெனி (பட்டாளத்தின் ஒரு சிறு பிரிவு) அந்த வேலையில் இருந்தது என்பதற்குக் காகிதம் கிடைக்கும்வரை அதன் பக்கத்தில் "இருக்கலாம்" என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். பிரியத்தில் "தெரியும்" என்று எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை அதை உண்மையென்று எடுத்துக்கொள்ளும், தேடுவதையும் நிறுத்திவிடும்.

ஆள் சொல்லி முடித்த பிறகு படமும் கொஞ்சம் பேசும். அட்டையில் ஒட்டிய ஸ்டூடியோ படங்களில் கீழ் மூலையில் ஸ்டூடியோவின் பெயர் மையில்லாமல் புடைப்பாக அழுத்தப்பட்டிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள், எழுத்துகள் நிழலோடு எழும்பும். அழிந்துபோன பென்சில் எழுத்தும் இதே முறையில் படிக்க வரும். எங்கள் மூவர் படத்தில் இப்படித்தான் பெங்களூர் என்ற ஊர்ப் பெயர் கிடைத்தது.

சட்டைக் கையில் தெரியும் பட்டைகள் பதவியைச் சொல்லும். ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோள்பட்டையில் பித்தளை எழுத்துகள் இருந்தால் அதுதான் படைப்பிரிவு. அந்த இடத்தை மட்டும் தனியாக அதிகத் துல்லியத்தில் ஸ்கேன் செய்யுங்கள். மார்பில் பதக்க ரிப்பன் தெரிந்தால் படத்தின் காலத்தை ஒரு பக்கமாவது கட்டிப்போடலாம். போர்முனை வாரியாகக் கொடுத்த பதக்கங்களில் ஆப்பிரிக்கா ஸ்டார் 1943 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. பர்மா ஸ்டாரும் இத்தாலி ஸ்டாரும் 1945 மே மாதம்தான் வந்தன. பர்மா ஸ்டார் ரிப்பனோடு நிற்பவர் 1943-இல் படம் எடுத்திருக்க முடியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ரிப்பனை அடையாளம் காணும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் பல ஸ்டூடியோக்கள் பயன்படுத்திய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். பட்டைகளின் அகலத்தையும் வரிசையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கருமையை வைத்து அல்ல.

பதக்கங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் மேற்பரப்பு கொஞ்சம் கரைந்து எழுத்து மழுங்கும். முதல் உலகப் போரின் வட்டப் பதக்கமாக இருந்தால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கே பொறித்திருக்கும். அந்த எழுத்தைத் தேய்த்து அழிப்பது ஆளையே அழிப்பதுதான். ரிப்பனுக்கு வெளிச்சம் ஆகாது, இருட்டில் வையுங்கள்.

விடுவிப்புப் புத்தகம் இருந்தால் அதுதான் பெட்டியிலேயே பெரிய சொத்து, ஏனென்றால் அதில் ராணுவ எண் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள், எண் ஒருவருக்குத்தான். புத்தகம் இல்லாவிட்டால் பழைய கடித உறைகளில் அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள். எண்ணும் கம்பெனியும் அங்கே இருக்க வாய்ப்புண்டு. இடத்தின் பெயரை எழுதத் தணிக்கை விடாது, களத் தபால் நிலைய (படையோடு நகரும் தபால் நிலையம்) முத்திரையின் எண் மட்டும் இருக்கும். அந்த எண் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்பதைத் தபால் முத்திரை ஆய்வாளர்கள் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் உறையைக் கிழித்து ஸ்டாம்பை மட்டும் சேகரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

இறந்தவர்களைத் தேட நல்ல இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். தேடக் கட்டணம் இல்லை. எழுத்துக்கூட்டல்தான் சோதிக்கும். தமிழ்ப் பெயரைக் காதில் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா, ஆறுமுகத்தை ஆர்முகம் என்றும் அருமோகம் என்றும் பதிந்திருப்பார். பெயரின் முதல் மூன்று எழுத்தை மட்டும் போட்டு, படைப்பிரிவையும் வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள். கூடுதல் தகவல் என்ற இடத்தில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கலாம்; ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்தால்தான் நம் ஊர் என்று புரியும். சின்னத் தாத்தாவை இப்படித்தான் கண்டுபிடித்தோம். ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் தூண்களில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் இருக்கின்றன, கல்லறை தெரியாதவர்கள். அதே வளாகத்தில், மதப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னம் தனியாக இருக்கிறது. ஆகவே கல்லறை எண் இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். சிங்கப்பூரில் கிராஞ்சி, மணிப்பூரில் இம்பால், இத்தாலியில் கசீனோ என்று அவர் போன போர்முனையைப் பொறுத்துத் தேடும் இடமும் மாறும். முதல் போர் என்றால் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். 1914-18 நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது.

உயிரோடு திரும்பியவரைத் தேடுவதுதான் கடினம். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் குழுமம், காலாட்படை என்றால் நீலகிரியில் வெலிங்டன், இவற்றின் ஆவணப் பிரிவுக்கு எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதலாம். எங்கே எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். ஓய்வூதியம் வாங்காதவர்களின் கோப்பு இத்தனை காலத்துக்குப் பிறகு அழிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் ஆளை விட்டுவிட்டுக் கம்பெனியைப் பின்தொடருங்கள். அந்தக் கம்பெனி அன்றன்று எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது என்ற போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியப் போர்முனைக்கு டபிள்யூ ஓ 172 என்ற வரிசை. அதில் சிப்பாய்களின் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் மழை பெய்ததா, எந்த ஆற்றங்கரையில் முகாம் என்பது வரும். கடிதத்தின் தேதியோடு சேர்த்துப் படித்தால் அதுவே பெரிய விஷயம்.

படித்துக்கொண்டு போனால் தெரியாத பெருமைகளும் எதிர்ப்படும். சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடிமேல் பாய்ந்து விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். தாத்தா இருந்த பட்டாளம் அது என்று என் பிள்ளைகளிடம் சொன்னபோதுதான் அவர்கள் பெட்டிப் பக்கம் வந்தார்கள்.

சில வீடுகளில் கதை இவ்வளவு நேராக இருக்காது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். அதில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், ஒரு பகுதியினர் மறுத்து முகாமில் கிடந்தார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள், பெண்கள் உட்பட, நேதாஜியின் படைக்குப் போனார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி எதிர்ப் பக்கமும் இருந்ததுண்டு. இதைப் பற்றி உறவுக்குள் இன்னமும் பேசத் தயங்குகிறார்கள். தொகுப்பவர் நீதிபதியாக வேண்டாம். இருவர் படத்தையும் ஒரே அளவில் வையுங்கள், இரண்டு தரப்பும் சொல்வதை எழுதுங்கள். உயிரோடிருப்பவர் "இதை வெளியே சொல்லாதே" என்று சொன்னால் பதிவு செய்து, உறையில் போட்டு, எப்போது திறக்கலாம் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல வழி: 1972-இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்கு யாராவது விண்ணப்பித்திருந்தால், அந்த விண்ணப்ப நகலைத் தேடுங்கள். எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே சிறையிருந்தார் என்பதையெல்லாம் அவர் வாக்கிலேயே அதில் எழுதியிருப்பார்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய படம் ஈரத்தால் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே கூடாது. படத்தின் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் படம் எடுங்கள். ஒட்டாத படம் என்றால் வெளியே எடுத்துப் பின் அட்டையைப் பாருங்கள். சட்டம் போடுபவர்கள் கையில் கிடைத்த பழைய நாள்காட்டித் தாள், செய்தித்தாள் எதையாவது மடித்து வைத்திருப்பார்கள். அந்த அமிலக் காகிதம்தான் படத்தைப் பழுப்பாக்குகிறது. அதன் தேதியைக் குறித்துக்கொண்டு அதைத் தனியாக வைத்துவிடுங்கள்.

லேமினேட் செய்யாதீர்கள். உறவினர் ஒருவர் பிரியத்தோடு ஒரு நல்ல படத்தை அப்படிச் செய்து கொடுத்தார். சூட்டில் பிளாஸ்டிக் படத்தோடு உருகி ஒட்டிவிட்டது. இனி அதைப் பிரிக்க முடியாது, பின்னால் இருந்த எழுத்தையும் சரியாகப் படிக்க முடியவில்லை. பிசின் கோடு போட்ட பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாளை மூடும் ஆல்பங்களும் ஆபத்தானவை. நாளாக நாளாகப் பிசின் மஞ்சளாகிப் படத்தில் ஏறும். கழன்று வருகிற படத்தை எடுத்துவிடுங்கள். வராததைப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பிவிசி உறை வேண்டாம். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் உறை, அல்லது அமிலமற்ற காகித உறை நல்லது. பரண் வேண்டாம், வெயில் படும் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வீட்டின் உள்சுவரை ஒட்டிய அலமாரியின் நடுத்தட்டு பொருத்தம். படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சை வெள்ளிமீன் பூச்சி விரும்பித் தின்னும் என்பதால் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய நெகடிவில் வினிகர் வாடை அடித்தாலோ, மஞ்சளாகிப் பிசுபிசுத்தாலோ உடனே படங்களிலிருந்து பிரித்துவிடுங்கள். மஞ்சளாகிப் பிசுபிசுப்பது 1950களின் தொடக்கம் வரை வந்த நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம், அது எளிதில் தீப்பிடிக்கக்கூடியது.

வெள்ளத்தில் படங்கள் நனைந்தால் அப்படியே காய விடக் கூடாது. காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு மெதுவாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாம். 2015 சென்னை வெள்ளத்தின்போது இது தெரியாமல் எத்தனை வீட்டு ஆல்பங்கள் குப்பைக்குப் போயின என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஸ்கேன் விஷயம் சுருக்கம்தான். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளையானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், அப்போதுதான் பழுப்பும் கறையும் பென்சில் எழுத்தும் பதியும். பின்பக்கமும் கட்டாயம். மூலக் கோப்பு டிஃப் வடிவில் இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள்; அனுப்புவதற்கு ஒரு ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில்.

இன்று செல்போனிலேயே படத்துக்கு நிறம் ஏற்றி, மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் வந்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் செயலி மங்கலுக்குள் இருக்கும் முகத்தைக் கண்டுபிடிப்பதில்லை, புதிதாக ஒரு முகத்தை வரைகிறது. எங்கள் மூவர் படத்தை ஒரு பேரன் அப்படி மாற்றி அனுப்பினான். மூவரும் அழகாக இருந்தார்கள். சின்னத் தாத்தாவின் சுண்டுவிரல் நேராகியிருந்தது. ஆசைக்குச் செய்து பார்ப்பவர்கள், படத்தின் மேலேயே "மாற்றப்பட்டது" என்று எழுதிவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, யாரிடம் எது இருக்கிறது என்ற பங்கு. பதக்கங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்து எங்கள் வீட்டில் கொஞ்சம் வாதாடினேன். ஒருவருடைய பதக்கங்கள் சேர்ந்து இருந்தால்தான் அவர் எந்தெந்தப் போர்முனைக்குப் போனார் என்று படிக்க முடியும். இப்போது பதக்கங்களும் விடுவிப்புப் புத்தகமும் பெரியப்பா வீட்டில், மூலப் படங்களும் கடிதங்களும் என்னிடம், ஒலிப்பதிவுகளும் ஸ்கேன்களும் எல்லார் வீட்டிலும். எது எங்கே என்ற பட்டியல் இரண்டு பக்கம். கணினியில் மட்டும் இல்லாமல் தாளில் அச்சடித்து ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்ளேயும் வைத்திருக்கிறோம். வைத்திருப்பவர் இறந்தால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்ற பெயரும் அதில் இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுவிட்டோம். வேண்டாம் என்று சொன்ன ஒருவர் பெயரை எடுத்துவிட்டு, கேட்காமலே ஆர்வம் காட்டிய தங்கை மகள் பெயரைச் சேர்த்தோம். மூவர் படத்தில் மற்ற இருவர் யார் என்று இப்போது அவள்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.